பெண் பார்க்க வந்த அன்று வாசலில் ஒரு தாழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெருவைச் செப்பனிட்டார்கள். சாக்கடைக்காக வெட்டிய பள்ளம் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த நாளில்தான் என்னைப் பெண் பார்க்கவும் வருவதாக இருந்தது.

காலையில் கடப்பாரை எதிலோ பட்டு ‘டங்’கென்றது. மண்ணை ஒதுக்கினால், ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பெரிய பானை. வாய் உடைந்திருந்தது, உள்ளே எலும்பு. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி என்றார் மேஸ்திரி. பிரெஞ்சு இஞ்சினியர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் எலும்பிலா விழிப்பார்கள்? பள்ளத்தின் மேல் ஓலைப்பாயைப் போட்டு மூடினார். அதன் மேல் ஒரு கோலமும் போட்டாலென்ன என்று அம்மா கேட்டாள். எனக்கோ வரன் நினைப்பே இல்லை. தாழிக்குள் வேறு என்ன இருக்கும் என்றுதான் மனசு அரித்தது.

மாப்பிள்ளை வீட்டார் காலாப்பட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்றில் பாய் விலகியது. மாப்பிள்ளையின் தாயார் உள்ளே பார்த்துவிட்டார்.

"வாசல்லயே சாவுப் பானையா? வாங்க, போயிடலாம்" என்று வண்டிப் பக்கம் திரும்பி நடந்தார். அப்பா கைகூப்பியபடி பின்னாலேயே போனார். மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. பள்ளத்தின் ஓரமாகக் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் நின்றிருந்த என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கட்டிய பட்டுப்புடவையோடு போய் எதிர்ப்பக்கம் குந்தினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உள்ள சின்னதா ஒரு கிண்ணம் தெரியுது, பாத்தீங்களா?" என்றேன்.

"அதுல நெல்லு உமி ஒட்டிக்கினு இருக்குது" என்றார் அவர், நிமிராமலே.

வண்டியில் ஒரு காலை வைத்துவிட்ட தாயார் நின்றார். மெல்லத் திரும்பி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"செத்தவங்களுக்குச் சோறு வெச்சி அனுப்பியிருக்காங்க. நாமளும் வாய்க்கரிசி போடறோம். நம்ம மனுசங்கதான்" என்றார்.

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுக் கை நனைக்கமாட்டார்கள் அப்போதெல்லாம். எங்கள் வீட்டில் பஜ்ஜிக்கு மட்டும்தான் மாவு கரைத்திருந்தோம். அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்து, "செத்தவங்களே வெறும் வயத்தோட போவல. எங்களுக்கும் இலை போடச் சொல்லுங்க" என்றார். அப்பா அழுதேவிட்டார்.

மறுநாள் இஞ்சினியர் ஆட்கள் தாழியை எடுத்துப் போனார்கள். எங்கே வைத்தார்களோ தெரியாது. அதற்குள் இருந்தவர் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று நானும் என் வீட்டுக்காரரும் இன்றைக்கும் பேசிப் பேசி ஓய்வதில்லை. எங்கள் கல்யாணப் பந்தியில் முதல் இலையை அந்தத் தாழியில் இருந்தவருக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.