சைக்கிள் வழியில் கிடைத்த கரிமீன்

நகரத்துக்குச் சைக்கிள் வழி வரைகிற வேலையில் பென்சிலைவிட வேகமாகத் தேய்வது ரப்பர்தான். தற்காலிக வேலையில் இருந்துகொண்டு, நீட்டிப்பு ஆர்டர் வருமா வராதா என்று தபால்காரர் முகத்தைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரி போட் ஜெட்டியிலிருந்து தோப்பும்படி பாலம் வரை, லாரியில் அடிபடாமல் சைக்கிளில் போக ஒரு தொடர்ச்சியான வழி வரையச் சொன்னார்கள். எனக்கோ ஆலுவாவில் பெண் பார்த்தாயிற்று. ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முகூர்த்தம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் எஞ்சினியர் அதற்கும் மேலே: "எடோ, கோடு எங்கேயும் அறுபடக் கூடாது. அறுந்தா நீ வீட்டுக்குப் போலாம்."

கணக்கெடுத்த லட்சணம்

முதலில் எத்தனை பேர் சைக்கிளில் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் நோட்டுடன் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை உண்டு, இல்லாவிட்டால் அபராதம். பாதிப் பேரிடம் வில்லை கிடையாது. என் நோட்டைத் தூரத்தில் பார்த்ததுமே ஒவ்வொருவராக இறங்கி, பரம சாதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னைத் தாண்டியதும் ஏறி மிதித்தார்கள். நானும் அசட்டு நேர்மையோடு, ஓட்டுகிறவர்களை மட்டுமே எண்ணினேன். சாயங்காலம் கணக்குப் பார்க்க ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன.

கும்பளங்கியிலிருந்து மீன் கூடையோடு வரும் அந்தோணிச் சேட்டனை நிறுத்தி, "ஏறி ஓட்டுங்க சேட்டா, எனக்கு எண்ணணும்" என்று கெஞ்சினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பொன்னு சாரே, இது ஓடற சைக்கிளே இல்லை. மீன் கூடை வைக்க ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான்."

சுண்ணாம்புக் கோடு

பிறகு அதே ரோட்டின் ஓரமாகச் சுண்ணாம்பில் கோடு போட்டு, சைக்கிளுக்கென்று இடம் ஒதுக்கிப் பார்த்தோம். மறுநாள் காலை போனால், கோட்டுக்குள் ஓர் அங்குலம் பிசகாமல் சுக்கு காய்ந்துகொண்டிருக்கிறது! சைக்கிள்காரர்கள் வழக்கம்போல லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கிடங்கு மேஸ்திரியிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை, எனக்கு ஒரு சாயா வரவழைத்துக் கொடுத்து, உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "தினம் கைவண்டிக்காரங்க சுக்கு மேலே ஏத்துவாங்க சாரே. நீங்க கோடு போட்டதிலேருந்து ஒதுங்கிப் போறாங்க. இன்னும் ரெண்டடி அகலம் கூட்டித் தரலாமா?"

கரிமீன்

பஜாரைக் கைகழுவிவிட்டு வாய்க்கால் கரையைப் பிடித்தேன். என்ன அருமையான கரை! அகலம் உண்டு, லாரி வராது, சுக்கு காயாது. டேப் பிடித்து அளந்து, படத்தில் பச்சை மையால் கோடு இழுத்தேன். ஜெட்டியிலிருந்து பாலம் வரை கோடு எங்கேயும் அறுபடவில்லை. கண்ணுக்கு முன்னால் பட்டுவேட்டி தெரிந்தது.

நான் அளந்தது தண்ணீர் இறங்கியிருந்த நேரம். காயல் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு ஏற்றமும் இறக்கமும் தெரியாதா? தெரியும். ஆலுவா ஞாபகத்தில் மறந்துவிட்டது. எஞ்சினியர் பார்வையிட வந்தது தண்ணீர் ஏறியிருந்த நேரம். கரை இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். பேன்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, "இதுதான் சார் வழி" என்று நின்றேன். பக்கத்திலேயே அந்தோணிச் சேட்டன் வலை வீசிக்கொண்டிருந்தார். துள்ளுகிற கரிமீன் ஒன்றை எடுத்து எஞ்சினியரிடம் நீட்டினார். "உங்க சைக்கிள் வழியிலே கிடைச்சது சாரே. உங்களுக்குத்தான் உரிமை."

ஆர்டர்

பொய்க் கோட்டை வைத்துக்கொண்டு நாளை எவனையாவது தண்ணீரில் தள்ள மனசு வரவில்லை. அந்த இடத்தை மட்டும் அழித்து, "இங்கே வழி இல்லை" என்று எழுதிப் படத்தை மேலிடத்துக்கு அனுப்பினேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று ஆலுவாவுக்கு ஒரு கார்டும் எழுதினேன். அதைத் தபாலில் போடத்தான் கை வரவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பெண்ணை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். இருந்தாலும் அழுகை வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆர்டர் வந்தது. விடுபட்ட பகுதியை மறுஆய்வு செய்யும் பொருட்டு என் பணி ஓராண்டு நீட்டிக்கப்படுகிறதாம்! கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளி நெளிந்து வந்துகொண்டிருந்தார் அந்தோணிச் சேட்டன். அவரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்று, மனசார வாழ்த்தினார். "நல்லா இருங்க சாரே. பொண்ணை மட்டும் பஸ்ஸிலே கூட்டிட்டு வாங்க."

அடுத்த எட்டு வருஷம் அந்த அறுந்த இடத்தை ஆராய்ந்தே நான் குடும்பம் நடத்தினேன். சேட்டன் அந்த எட்டு வருஷமும் பஜார் ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்.