விளக்கு வேண்டாத வள்ளம்

அருமைராசாவுக்குத் தண்ணீரென்றால் பயமில்லை. பேசாலைக் கடலில் வளர்ந்த மனுசனுக்கு அது எங்கிருந்து வரும்? அவருக்கு வெளிச்சமென்றால்தான் பயம். சும்மா பயமில்லை, நெஞ்சை அடைத்து நாக்கு வறண்டு போகிற பயம். கேட்கும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் கோபிக்கப் போவதில்லை. மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் அவரை அறிந்த எல்லோரும் ஒரு காலம் சிரித்தவர்கள்தான்.

வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடாமல் அவர் லைற் போடமாட்டார். கார்க் கதவைத் திறந்தால் எரிகிற குட்டி பல்பைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார். கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. நிலத்துக்குக் கீழே, ஒரு ஜன்னல்கூட இல்லாத மண்டபம். கூட வேலை செய்தவர்கள் அந்த இடத்தைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வேறு வேலை தேடிப் போனார்கள். இவர் மட்டும் வருசக்கணக்காக அசையாமல் அங்கேயே இருந்தார்.

மனைவி ஜொய்சி இதையெல்லாம் மனுசனின் குணம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் யாழ்ப்பாண நகரத்துப் பெண். கடலைத் திருநாளுக்குப் போகும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. இங்கே ஒரு கார்டறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. கணவனின் தம்பி செபமாலை கடலில் போய்விட்டார் என்று கலியாணம் பேசும்போது சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் மூழ்கிப் போனவர் என்று அவள் விளங்கிக்கொண்டாள். அருமைராசாவும் அதைத் திருத்தவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. சண்டைக் காலத்தில் அந்தக் கடலில் இருட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள் விளக்கில்லாமல்தான் போவார்கள். எஞ்சினுக்குச் சாக்குச் சுற்றுவார்கள். மினுங்குகிற பாத்திரத்துக்குக் கரி பூசுவார்கள். தூரத்தில் வேறு எஞ்சின் கேட்டால் தங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வள்ளத்துக்குள் குப்புறப் படுத்து மூச்சையும் அடக்குவார்கள். ஒருநாள் எஞ்சின் விசிறியில் வலை சிக்கியது. அதை எடுக்கச் செபமாலை டோர்ச்சை ஒருக்கால் அடித்தான். ஒரேயொருக்கால். எங்கிருந்தோ ஒரு கடற்படை ரோந்துப் படகின் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது, பிறகு துப்பாக்கிச் சூடு விழுந்தது. கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்ற தம்பி அப்படியே தண்ணீருக்குள் போனான். படுத்திருந்த அண்ணன் தப்பினார். அன்று உடம்பு படித்த பாடத்தை, பெருங்கடல் தாண்டி மொன்றியல் வந்த பிறகும் அந்த உடம்பு மறக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஏன் வள்ளம் வாங்கினார் என்று கேட்பீர்கள். மீன்பிடிகாரனைக் கரையில் நிற்கச் சொன்னால் எத்தனை நாளைக்கு நிற்பான்? ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்று நின்று மனுசனுக்கு விசர் பிடித்தது. அவருக்கு எட்டாத தூரத்தில் வெள்ளைக்காரர்கள் டொறே மீனை இழுத்து இழுத்துப் போட்டார்கள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடையில் பழைய அலுமினிய வள்ளம் ஒன்று விலைக்கு வந்தது. மேலே கூரையில்லாத, இரண்டு பேர் வசதியாக இருக்கக்கூடிய திறந்த வள்ளம், பின்னால் சின்ன எஞ்சின். வாங்கி வந்த அன்றே அதன் மினுக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளும் புறமும் கறுத்தப் பச்சைப் பெயின்ற் அடித்தார்.

சாமான் வாங்கக் கணேசலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார். கணேசலிங்கம் அவரோடு வேலை செய்பவர், கோண்டாவில்காரர், வயதில் மூத்தவர். கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பிரெஞ்சு தெரியும், வாயும் உண்டு.

கடைக்குள் போனதும் அருமைராசா வேறு ஆளாகிவிட்டார். நங்கூரங்களைத் தூக்கிப் பார்த்து, ஏரியின் அடி சேறு, இந்த மடங்குகிற பல்லுத்தான் சேற்றைப் பிடிக்கும் என்று ஒன்றை எடுத்தார். கயிற்றை விரலுக்கிடையில் உருட்டி, நனைந்தால் இறுகுமா என்று பார்த்தார். துடுப்பு இரண்டு, எஞ்சின் நின்றாலும் திரும்பி வர. தண்ணீர் இறைக்க வீட்டில் பழைய அலுமினியச் சட்டி இருக்கிறது, போதும். நங்கூரச் சங்கிலி வள்ளத்தில் பட்டுச் சத்தம் போடாமல் சுற்றுவதற்குத் தடித்த துணியும் எடுத்தார். கணேசலிங்கம் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனார்.

கடைக்காரப் பெண் செம்மஞ்சள் மிதவைச் சட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். அருமைராசா தலையை ஆட்டினார். வாத்து வேட்டைக்காரர்களுக்கென்று மூலையில் தொங்கிய பச்சைச் சட்டைகளில் இரண்டைத் தானே எடுத்து வந்தார். அவற்றில் தொங்கிய விசில்களைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் வள்ளத்தின் முனையில் பூட்டும் சிவப்பும் பச்சையுமான விளக்கையும், பின்னால் கம்பில் நிற்கும் வெள்ளை விளக்கையும் காட்டினாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

"இது கட்டாயம் வேணுமாம், பனிப்புகாருக்கை போறதெண்டால்" என்றார் கணேசலிங்கம்.

"நான் புகாருக்கை போகமாட்டன், அண்ணை. விடிஞ்சாப்போல போய் வெயிலோடை வந்திடுவன்."

"என்ன அருமை, மீனுக்கு ஒளிச்சோ மீன் பிடிக்கப் போறீர்? எல்லாம் பச்சை, எல்லாம் சத்தமில்லாதது. நீர் போறது மீனுக்கோ, களவுக்கோ?"

அருமைராசா சிரிக்கவில்லை. அவருடைய மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அதைக் கண்டதும் கணேசலிங்கம் பகிடியை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அமத்தினால் ஊரைக் கூட்டுகிற சின்ன ஹோர்ன் ஒன்றைத் தன் கணக்கில் வாங்கி, வாசலில் வைத்து நண்பரின் பைக்குள் திணித்தார்.

"இது என்ரை பரிசு. மறுக்கக்கூடாது."

மறுக்கவில்லை. பேந்து எங்காவது போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஜொய்சி பையைப் பிரித்தபோது அது அவள் கையில் கிடைத்தது. அவள் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, "நானும் வாறன்" என்றாள் ஜொய்சி.

அருமைராசா மனதுக்குள் கணக்குப் பார்த்தார். தனியாகப் போனால் போகிற உயிர் ஒன்று, அது தன்னுடையது. இவள் வந்தால்? இவளுக்கு ஒன்று நடந்தால் நான் எந்த முகத்தோடு கரைக்கு வருவேன்? வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தார். அவள் ஏற்கனவே இடியப்பமும் சம்பலும் கட்டி முடித்திருந்தாள்.

மேற்கே ஆறு ஏரியாக விரியும் இடத்தில் வள்ளத்தை இறக்கினார்கள். விடிந்துகொண்டிருந்தது. ஜொய்சி மஞ்சள் ஸ்வெற்றர் போட்டிருந்தாள்.

"உதைக் கழற்று."

"குளிருதப்பா."

"கழற்று எண்டு சொல்லுறன். கண்காணாத தூரத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன?"

அருமைராசா கிட்ட வந்தார். தன் கறுத்த ஜக்கற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டு, அதற்கு மேல் பச்சை மிதவைச் சட்டையைக் கட்டிவிட்டார். ஸ்வெற்றர் அவளுடைய பைக்குள் போனது.

நடு ஏரியில் நங்கூரம் போட்டுக் கொஞ்ச நேரம்தான் இருந்திருப்பார்கள். வெயில் வரவேண்டிய பக்கத்திலிருந்து பனிப்புகார் வந்தது. முதலில் கரை மறைந்தது. பிறகு தண்ணீர் மறைந்தது. கடைசியில் வள்ளத்தின் முனையும் மங்கிப் போனது. இப்படி வருமென்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவருடைய கடலில் இந்தக் கூத்து இல்லை. நங்கூரத்தை இழுத்தார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கரை இருக்கும் பக்கமென்று தான் நினைத்த பக்கம் திருப்பினார்.

அப்போது இன்னொரு எஞ்சின் கேட்டது. பெரிய எஞ்சின். வேகமாக வந்துகொண்டிருந்தது.

அருமைராசாவின் கை தானாகப் போய்த் தங்கள் எஞ்சினை நிறுத்தியது.

"படு" என்றார்.

"என்ன?"

"குப்புறப் படு. மூச்சுக் காட்டாதை."

தோளைப் பிடித்து அவளை அமுக்கித் தானும் பக்கத்தில் விழுந்தார். கன்னத்தில் அலுமினியம் சில்லென்று பட்டது. இங்கே யாரும் சுடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, உடம்பு கேட்டால்தானே! அவருடைய பற்கள் கிட்டித்துக்கொண்டன. எஞ்சின் சத்தம் வள்ளத்தின் அடிக்குள்ளால் வந்து அவருடைய எலும்பில் அதிர்ந்தது.

ஜொய்சிக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாது. ஆனால் வீதியைப் பற்றித் தெரியும். வருகிறவனுக்கு நாங்கள் தெரியாவிட்டால் அவன் எங்கள் மேலால் ஏறிப்போவான். அவள் படுத்தபடியே கைப்பைக்குள் துழாவி ஹோர்னை எடுத்து அமத்தினாள்.

அது அலறியது. அருமைராசா ஒரே பாய்ச்சலில் அதைப் பறித்து ஏரிக்குள் எறிந்தார்.

எறிந்த கையைப் பார்த்தபோதுதான் என்ன செய்தோமென்று அவருக்கு உறைத்தது. ஜொய்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருசம் கூட வாழ்ந்த மனுசியின் கண்ணில், தன்னைக் கண்டு வந்த பயத்தை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

"அவைக்கு எங்களைத் தெரியாதப்பா" என்றாள். "இடிக்கப் போறாங்கள். நாங்கள் சாகப் போறம்."

பெரிய படகு புகாருக்குள் எந்தப் பக்கமென்று தெரியாமல் எல்லாப் பக்கத்தாலும் வருவதுபோல் கேட்டது. எழும்பு என்றது புத்தி. எழும்பினால் செத்தாய் என்றது உடம்பு. எழும்பாவிட்டால் இவள் சாவாள். அவர் முழங்காலை ஊன்றினார், அது வழுக்கியது. திரும்ப ஊன்றினார். காலடியில் கிடந்த அலுமினியச் சட்டியைத் தூக்கி வள்ளத்தின் விளிம்பில் ஓங்கி அடித்தார். துணி சுற்றிச் சத்தமடக்கி வைத்திருந்த வள்ளம் முழுக்கக் கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வாயிலிருந்து வந்தது தமிழா வேறேதுமா என்று அவருக்கே தெரியவில்லை. ஜொய்சி மஞ்சள் ஸ்வெற்றரை இழுத்தெடுத்துத் தலைக்கு மேலே வீசினாள்.

புகாருக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு பெரிய முனை வந்தது. வந்த வேகத்தில் ஒருபக்கமாகத் திரும்பியது. அது கிளப்பிய அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது, தண்ணீர் உள்ளே வந்தது. கொஞ்சம் தள்ளிப்போய் அது நின்றது. அதன் மேலிருந்து ஒரு விளக்கு சுழன்று நேரே இவர்கள் மேல் விழுந்தது.

அருமைராசாவின் கையிலிருந்த சட்டி நழுவியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, விரல்களை விரித்து, முழங்காலில் நின்றார். கண்களை மூடிக்கொண்டார்.

படகில் நின்ற கிழவர் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்த்தார். கீழே ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி நன்றி சொல்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, தானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று சிரித்தார். பிறகு கரையைக் காட்டி, பின்னால் வாருங்கள் என்று சைகை செய்தார்.

அருமைராசாவின் கைகள் இறங்கவில்லை. ஜொய்சி தவழ்ந்து பக்கத்தில் வந்தாள். முதலில் ஒரு கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு மற்றக் கையை இறக்கினாள். இரண்டையும் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். மூடிய திரைச்சீலை, பச்சைச் சட்டை, குப்புறப் படுத்தது, இந்தக் கைகள், எல்லாம் அவளுக்குள் ஒன்று சேர்ந்தன; தம்பி சும்மா மூழ்கிப் போனவரில்லை.

"தம்பியும் இப்பிடித்தான் கையைத் தூக்கினவரோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்" என்றார். பிறகு அழுதார். பச்சைச் சட்டை போட்ட இரண்டு பேரும் அந்த வெளிச்சத்துக்குள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

ஜொய்சி சட்டியை எடுத்துத் தண்ணீரை இறைத்தாள். கிழவரின் படகு விளக்கை அணைக்காமல் மெதுவாக முன்னால் போனது. அருமைராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சின் கயிற்றை இழுத்தார். கரை தெரியும்வரை அந்த வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அதன் பின்னாலேயே வள்ளத்தை ஓட்டிக்கொண்டு போனார்.