எபி அணைக்காத கண்ணாடி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்குத் தகவல் வந்தது. என் தம்பி எபியோடு ஒரகடத்தில் வேலை பார்க்கும் கேசவன் போனில் சொன்னார். படப்பை சிக்னலில் சிவப்பு விளக்குக்குப் பைக்கை நிறுத்தியிருந்த எபியைப் பின்னால் வந்த டிப்பர் லாரி இடித்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவனை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடக்க ஆராதனையில் முந்நூறு பேர் கேட்டது வேறு.

எங்கள் சபையில் அடக்கத்தின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பப் பெரியவர் ஒருவர் வாசிப்பார். எழுதியது நான். வாசித்தது சித்தப்பா வேதசிரோமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எபியின் கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதியிருந்த எட்டு வரிகளைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, தானே ஒன்றைச் சேர்த்து வாசித்தார்: “கணினியில் காட்டிய வேகத்தைச் சாலையிலும் காட்டி, இருபத்தேழு வயதில் கர்த்தரிடம் சேர்ந்தார். வாலிபர்களே, எச்சரிக்கை.”

அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

சித்தப்பா அடித்தது இதைத்தான். சபை அலுவலகம் பழசென்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை எபி செம்பாக்கம் வீட்டுக்குத் தூக்கி வந்தான். பன்னிரண்டு வயதான பெட்டி. அதில் கார் ரேஸ் ஓட்டவேண்டும் என்பது அவன் ஆசை. ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. வினாடிக்கு இருபது படம்கூடத் திரையில் வரவில்லை. அறுபது வந்தால்தான் வளைவில் காரைப் பிடிக்க முடியும் என்பான். ரிச்சி தெருவில் பழைய மெமரி வாங்கிப் போட்டான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டினான். ஆட்டத்துக்குள் நிழல்களைக் குறைத்தான், பாதையோரம் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை எடுத்தான். தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் என்பதால் எல்லாவற்றுக்கும் நோட்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். அதே பாதையில் மூன்று சுற்று ஓட்டுவான். வினாடிக்கு எத்தனை படம் என்று எழுதுவான். ஐம்பத்திரண்டு வரை வந்துவிட்டான்.

ஆட்டத்தில் காரின் பின்பார்வைக் கண்ணாடியை அணைத்தால் இன்னும் எட்டு கிடைக்கும் என்று அவனே ஒருநாள் சொன்னான். அப்படியானால் அணைத்துத் தொலையேன் என்றேன்.

“பின்னாடி யார் வர்றான்னு தெரியாம எப்டிக்கா ஓட்றது?”

விளையாட்டில்கூட அணைக்காதவன். அவனைத்தான் வேகத்தால் செத்தவன் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியதும், வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“நாலு பசங்க திருந்துவாங்களேன்னுதாம்மா சேர்த்தேன். நல்லதுக்குத்தான்.”

“நின்னுட்டிருந்தவனை வந்து இடிச்சிருக்காங்க. இதுல யார் திருந்தணும் சித்தப்பா?”

துக்கத்தில் பேசுகிறாய், போய் முகம் கழுவு என்றார். சுற்றியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். லாரி ஓட்டியவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு எச்சரிக்கை வாசிக்க எந்தச் சபையும் இல்லை போலிருக்கிறது.

மறுவாரம், அடக்கத்தில் வாசித்த தாளையே சித்தப்பா சபை இதழில் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. நேரே ஆயரிடம் போய், காவல் நிலையத்தில் கொடுத்த முதல் தகவல் அறிக்கையின் நகலை மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு சித்தப்பாவின் தாளை எடுத்து என்னிடமே நீட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் நீயே எழுதிக் கொடு, ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன் என்றார்.

எழுதிவிட்டேன். யாரும் திருத்த வேண்டியதில்லை.

எண்கள் சரிதானா என்று எபியின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரம் ஓடினால் பெட்டி சூடாகி வேகம் குறைகிறது என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சூட்டை இழுக்கும் பசை வாங்கி வைத்திருந்தான்; டியூப் இன்னும் பிரிக்கப்படவில்லை. கழற்றிய நான்கு திருகுகளும் ஹார்லிக்ஸ் மூடியில் கிடக்கின்றன. ‘பசை மாற்றிய பின்’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறான். அதற்கு எதிரே எண் இல்லை.