மேனேஜரை வெளியே அனுப்பிய அரைமணி நேரம்

இந்த ஊரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பட்டப்பகலில், சம்பளத்தோடு எங்களை உட்காரவைத்து "எதையெல்லாம் சொதப்பினீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நம்மூரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். சொல்கிறவர்களுக்கு ஸ்ட்ரோப்வாஃபெல் என்கிற பாகு வைத்த பிஸ்கட்டும் உண்டு. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஏழு பேர். வேலையை இரண்டிரண்டு வாரத் துண்டுகளாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்பிரின்ட். அது முடிந்ததும் எது நன்றாக நடந்தது, எது கோணியது, அடுத்த தடவை எதை மாற்றலாம் என்று ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பெயர் ரெட்ரோ. மனதில் உள்ளதை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வந்த புதிதில் நான் எல்லாச் சீட்டிலும் "எல்லாம் அருமை" என்றே எழுதி ஒட்டினேன். பிஸ்கட்டை மட்டும் முறையாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரெட்ரோவை நடத்தும் பொறுப்பு முதல்முறையாக என் தலையில் விழுந்தது. வந்த நேரம் அப்படி. அந்த வாரம் நாங்கள் வெளியிட்ட புதிய பதிப்பு மதியத்துக்குள் படுத்துவிட்டது. வாடிக்கையாளர்களால் அரைநாள் உள்ளேயே நுழைய முடியவில்லை. கடைசியாக அதில் கைவைத்தவள் அனூக். தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவள். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அந்த மாதம்தான் முடிவாக வேண்டும். ஆனால் தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. வெளியிடும் முன், பிழை இருக்கிறதா என்று கணினியில் ஓடவேண்டிய சோதனை ஒன்றை, நேரமாகிறதே என்று முந்தின நாள் நான்தான் நிறுத்திவைத்தேன். அது எனக்கும் தெரியும், பக்கத்து நாற்காலி அனூக்குக்கும் தெரியும். மேனேஜர் மார்ட்டைன், "இது எப்படி நடந்தது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. ஆனாலும் என் வாய் தானாகத் திறந்து, "யார் செய்ததென்று தெரியவில்லை" என்றது. சொல்லிவிட்டு அனூக்கைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தேன், இரண்டு பேருமே தப்பித்தோம் என்பதுபோல. அவள் முகம் சிவந்துவிட்டது.

"யார் என்று அவர் கேட்கவே இல்லையே. உனக்குத் தெரியும் செல்வி. தெரியாது என்று ஏன் சொல்கிறாய்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் "தெரியாது" என்பதுதான் கூட வேலை பார்ப்பவளுக்குச் செய்யும் பெரிய உதவி. கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த ஒரு சீசன் முழுக்க, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் மதினி முத்துலட்சுமியோடு சேர்ந்து புஸ்வாணத்துக்குத் திரி வைத்தேன். ஒருநாள், திரி பற்றவில்லை என்று ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. போர்மேன் வாசலில் வந்து நின்றார். "யாரு வச்ச திரி இது? வாயத் தெறக்க மாட்டீகளா?" என்று சத்தம் போட்டார். "தெரியாதுண்ணாச்சி" என்றோம் அத்தனை பேரும். சாயங்காலம் வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம். "மேகம் போட்ட அன்னைக்குக் காயுமுன்ன அள்ளிட்டாகல்ல, அந்தத் திரிதான்" என்றாள் ஒருத்தி. "லாரி நிக்குதுன்னு பறந்தா அது எப்படிக் காயும்? அம்புட்டையும் பிரிச்சு இன்னொரு நா வெயில்ல போட்டிருக்கணும்" என்றார் மதினி. ஊர் வந்து சேர்வதற்குள் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த தடவை என்ன செய்யவேண்டும் என்று மூன்றும் வெட்டவெளிச்சம். ஆனால் அந்தப் பேச்சு வேனை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த வாரம் இன்னொரு லோடு திரும்பி வந்தது.

அது நினைவுக்கு வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. ரெட்ரோ எனக்கா புதிது? தினமும் வேனில் நடத்தியிருக்கிறேனே! அங்கே எல்லோருக்கும் வாய் வந்ததற்கு ஒரே காரணம், போர்மேன் வேனில் ஏறமாட்டார். எழுந்து நின்றேன். "மார்ட்டைன், ஒரு அரைமணி நேரம் வெளியே இருக்க முடியுமா?" என்றேன். என் விசாவே இந்த வேலையில்தான் தொங்குகிறது. அவரோ "நல்ல யோசனை" என்று காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்! கதவு மூடியதும், "சோதனையை நிறுத்தியது நான்தான்" என்றேன். எதிரே இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன மாதம் நானும் நிறுத்தினேன்" என்றார். பிறகு இன்னொருவர். அது ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவசரம் வந்தால் எல்லோருமே அதை அமுக்கிவிடுகிறோம். அப்புறம் பேச்சு பிய்த்துக்கொண்டு போயிற்று. சுவர் நிறையக் குறைகள். ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்தோம்: சோதனையை உடைத்துச் சின்னதாக்குவது. யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்றும் எழுதிவைத்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்தால் எதுவும் கைக்கு வராது. மார்ட்டைன் திரும்பி வந்ததும் என் தப்பை என் வாயாலேயே சொன்னேன். "சரிசெய்ய உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். அந்த மாதக் கடைசியில் அனூக்கை நிரந்தரமாக்கினார்கள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் வராந்தாவுக்கு ஓடி மதினிக்குப் போன் போட்டேன். ஊரில் அது வேன் கிளம்பும் நேரம். எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேனேசர வெளிய போகச் சொன்னியா? அவுகளும் போயிட்டாகளா?"

"போயிட்டாக மதினி!"

"தப்பு ஒம்மேலன்னும் சொல்லிட்ட. வேலய விட்டுத் தூக்கலையா?"

"தூக்கல மதினி. பிஸ்கட் குடுத்தாக."

சிரிப்பில் வேனே குலுங்கியது. "எங்க போர்மேனையும் செத்த வெளிய போகச் சொல்லேன். இன்னைக்கும் ஒரு லோடு திரும்பிருச்சு" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து. எனக்கு வேகம் வந்துவிட்டது. "அவரு நம்பரக் குடுங்க. ஏன் திரும்புச்சுன்னு நானே சொல்றேன். எனக்கென்ன பயம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. மதினி கோபப்படாமல்தான் சொன்னார்: "ஒனக்குப் பயமில்லத்தா. நீ சொல்லிட்டு அங்கன இருந்துக்கிருவ. விடிஞ்சா கம்பெனி கேட்டுல போயி நிக்கிறது நாங்கல்ல."

வெட்கமாக இருந்தது. மதினி போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சு மறுபடி தொடங்கியது, லோடு எதனால் திரும்பியது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி மறுத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அனூக் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, வா என்று என்னைக் கூப்பிட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு நிமிடம் என்று அவளுக்கு விரல் காட்டினேன். வேன் ஊர் போய்ச்சேர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.