சீதனம் கேட்ட வாய்

ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள் தோட்டம் வளர்ப்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எனக்குத் தோட்டம் ஏது? நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒத்திகை. ரயில் போகும்போது வசனத்தை நிறுத்தி, போன பிறகு தொடர வேண்டும். சீதனத்துக்கு எதிரான நாடகம் அது. இதனால் சமூகம் மாறும் என்று இயக்குநர் சொன்னார். நான் நம்பினேன். மனைவியிடம் சொன்னபோது, முதலில் குப்பையைக் கீழே கொண்டுபோய் வையுங்கள், சமூகத்தைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

எனக்குக் கிடைத்தது மாப்பிள்ளையின் தகப்பன் வேடம். ஒப்பனை வேண்டாம், முகமே போதும் என்று இயக்குநர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெண் வீட்டில் உட்கார்ந்து, இனிமையாகச் சிரித்து, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளைக்கு நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ" என்பேன். சற்று நிறுத்துவேன். பிறகு ஃப்ளாட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்பேன். கொட்டாஞ்சேனையில் மேடையேற்றிய அன்று, நான் நிறுத்திய இடத்திலேயே சபை சிரித்தது. பின்வரிசையில் ஒரு பெண்மணி என்னைத் திட்டினார். நான் பெரிய நடிகனாகிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். சில நாள் கழித்துக் காலி வீதியில் ஒரு துணிக்கடைக்காரர், "நீங்கதானே அந்தச் சீதனம் கேட்ட ஆளு?" என்று கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி ஆமென்றேன். அவர் என் பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்த சில மாதங்களில் மகன், தன்னோடு வேலை செய்யும் பெண்ணை விரும்புவதாகச் சொன்னான். பெண் வீடு கொட்டாஞ்சேனையில். எங்களுக்குச் சந்தோஷம். சீதனம் வாங்கும் எண்ணம் எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பெண் கேட்கப் புறப்படும்போது மகன் ஒன்று மட்டும் சொன்னான்.

"அப்பா, அங்க போய் நடிக்காதேங்கோ."

கதவைத் திறந்த பெண்ணின் தகப்பன், என்னைக் கண்டதும் உள்ளே வரச் சொல்ல மறந்து நின்றார். அவர்கள் குடும்பமாக அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை, எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பாவம், கவலைப்படுகிறார்கள் என்று நினைத்து, அவர்களுடைய மனதை ஆற்றுவதற்காக, மனதாரச் சொன்னேன்.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளைக்கு நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ."

பழக்கதோஷத்தில் சற்று நிறுத்தியும் விட்டேன். உள்ளறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ," என்றார் பெண்ணின் தகப்பன். "அடுத்தது ஃப்ளாட் எல்லோ?"

நான் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் வசனம் போலவே ஒலித்தது. எனக்கு வியர்த்தது, அதுகூட நல்ல நடிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் மனைவி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பெண்ணின் தாய் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவருக்கு மேடையிலதான் கேட்டு வாங்கத் தெரியும். கடையில மிச்சக் காசு கேக்கவே வெக்கப்படுற ஆள். உங்கட மகளைத் தவிர வேற என்ன வந்தாலும் நான் திருப்பி அனுப்பிப் போடுவன்."

அந்த அம்மா சிரித்தார். அதற்குப் பிறகுதான் ரோல்ஸ் தட்டு கையிலிருந்து கைக்குப் போனது. தகப்பன் மட்டும், கல்யாணப் பதிவு எழுத்து நடக்கும் வரை, நான் தொலைபேசியில் அழைத்தாலே குரல் இறுகித்தான் கதைத்தார்.

கல்யாணத்தன்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். தன் மூத்த மகனுக்குப் பெண் பார்த்தபோது அந்த வசனத்தைத் தானும் சொல்வதற்கு இருந்தாராம். "நாடகம் பாத்த பிறகு வாய் வரேல்ல. சொல்ல வெளிக்கிட்டா மனிசி சிரிக்கிறா. ஒண்டும் வாங்காமலே செய்து வைச்சன்," என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது போலத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்பதா, கைகொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

இந்த வருட நாடகத்தில் எனக்கு நல்ல மனிதர் வேடம். சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நீங்கள் எந்தக் காட்சியில் வந்தீர்கள் என்று கேட்டார்கள்.