இருநூற்று நாற்பது கிண்ணம்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் கிடங்கு பார்க்கும் லியென் ஷான் அண்ணனின் கதை இது. சொல்கிற நான், அங்கிருந்து வட தீவுக்குப் போகும் சரக்குப் படகில் கயிறு கட்டுகிறவன், சோறும் வைக்கிறவன். பெயர் ஆ-சாய். என் சோற்றைத் தின்று இதுவரை யாரும் சாகவில்லை. கடலில் குதித்தவர்கள் உண்டு.

தீவில் ஒரு பிடி உப்பு வேண்டுமென்றாலும் ஷான் அண்ணனுக்குத்தான் போன் போடுவார்கள். அவர் எழுதிக்கொள்வார், வரவழைப்பார், அடுக்கி வைப்பார். முதலில் வந்த மூட்டைதான் முதலில் வெளியே போகும். பின்னால் வந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். படகில் ஏற்றும்போது தலைகீழ்: முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏறும். ஒருமுறை நான் முட்டைக்கு மேல் சிமெண்டை வைத்துவிட்டேன். அவர் திட்டியதில் துறைமுகத்துக் கடற்காகங்கள் எல்லாம் ஜப்பானுக்குப் போய்விட்டன.

வாடைக்காற்று கிளம்பினால் வாரக்கணக்கில் படகு போகாது. தீவுக்காரர்கள் கேட்பதற்கு முன்பே எரிவாயு உருளை, அரிசி, மருந்து எல்லாவற்றையும் கணித்து அனுப்பிவிடுவார். திரும்பும் படகில் காலி உருளை எத்தனை, காலி பாட்டில் எத்தனை என்பதும் விரல் நுனியில். எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்தத் தாத்தாவுக்குப் பல் போய்விட்டது, எந்தப் புருஷன் கோபத்தில் தனியாக நூடுல்ஸ் வாங்கித் தின்கிறான், எல்லாம் சரக்கை வைத்தே சொல்லிவிடுவார்.

பத்தொன்பது வருஷம். தீவுக்காரர் ஒருத்தர் முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. கிடங்கு மாடியில் ஒரு கட்டிலும் ஒரு மின்சாரச் சோற்றுப்பானையும் உண்டு. அந்தப் பானையில் ஓர் ஆழாக்குக்கு மேல் வெந்ததே இல்லை. போன் வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சாமான் எப்போ வரும்?"

தீவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாவ்-ஜூ அக்கா மட்டும், மகன் கல்யாணத்துக்குச் சரக்கு சொன்னபோது, "அண்ணே, நீங்களும் வாங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் பதறிப்போய், "எனக்கு வேலை கெடக்கும்மா, வர முடியாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து முகம் பத்து நாள் ஊறிய மீன் மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணச் சரக்கு ஏறியது. பன்றிக்கறி, கயோலியாங் சாராயம், சிவப்புத் துணி, கிண்ணம். மத்தியானமே சரக்குப் பட்டியல் போனிலேயே தீவுக்குப் போய்விட்டது. அதுதான் அவர் போட்ட சட்டம்: பட்டியல் முன்னால் போகும், அதில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், இல்லாததற்காகக் காற்றில் நிற்கக் கூடாது. கயிறு அவிழ்க்கும் நேரத்தில் புதுச் சட்டையோடு வந்து நின்றார். கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது.

"யாருண்ணே பொண்ணு?" என்றேன்.

"வாய மூடுடா. கேப்டன் படகுல ஏறிக்கச் சொல்லிட்டாரு. ஒரு தடவ அந்தக் கல்யாண மேசையில உக்காந்து பாக்கணும்டா. எல்லா மொகத்தையும் பாக்கணும்."

"அப்ப அந்த அக்காவுக்கு ஒரு போன போடுங்க."

"அனுப்பின பட்டியல மாத்தக் கூடாது."

"நீங்க என்ன எண்ணெய் டின்னா? மனுஷன்தானே!"

அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை தீவு. துறையில் ஐம்பது பேர். அண்ணன் முன்னால் போய் நின்று சிரித்தார். ஒருத்தர் அவர் கையில் வெங்காய மூட்டையைக் கொடுத்து, "அந்த வண்டில வையப்பா" என்றார். வைத்தார். அப்புறம் இன்னொரு மூட்டை. என்னைவிட நல்ல கூலியாள் என்று பேர் வாங்கிவிட்டார். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் போயிற்று. வண்டிகளும் போயின. துறையில் மிஞ்சியது காற்றும் நானும் அவரும்தான்.

"போங்கண்ணே. மேட்டுல பாட்டு கேக்குது பாருங்க. கால் இருக்குல்ல?"

"வரலன்னு சொன்னவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" படகு கட்டும் கல்லில் உட்கார்ந்தார். "இருபத்தி நாலு மேசைடா. மேசைக்குப் பத்துப் பேரு. கிண்ணம் இருநூத்தி நாப்பது. நானேதான் எண்ணி அனுப்பினேன், ஒண்ணுகூட அதிகமில்ல. எனக்குன்னு கிண்ணம் இல்லடா."



காற்று ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டும், அடுத்த படகு எப்போது என்று தெரியாது என்றார் கேப்டன். அண்ணன் படகுப் பலகையில் ஒரு காலை வைத்தார், எடுத்தார். நாற்பது தடவை வைத்தார், எடுத்தார். பலகையே தேய்ந்துவிட்டது. கடைசியில் போனை எடுத்தார்.

"பாவ்-ஜூம்மா, ஷான் பேசறேன்."

"அண்ணே! எல்லாம் வந்துடுச்சு, கொறை ஒண்ணுமில்ல! நீங்கதான் வரல!" பின்னால் பட்டாசுச் சத்தம். எனக்கே கேட்டது.

"அதில்லம்மா... பட்டியல்ல எழுதாத ஒண்ணு வந்துடுச்சு. துறையில கெடக்கு."

"ஐயோ, என்னது? பெருசா? வேன் அனுப்பவா?"

"ஸ்கூட்டர் போதும்."

போனை வைத்தார். "ஏண்ணே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" என்றேன். "வாய் வரலடா" என்றார்.

கால் மணி நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு ஸ்கூட்டர் சறுக்கி வந்தது. ஓட்டியது பாவ்-ஜூ அக்காவேதான், குண்டு அம்மா. பட்டுச் சட்டை, தலையில் சிவப்புப் பூ, கையெல்லாம் சமையல் எண்ணெய். கல்யாண வீட்டைப் போட்டுவிட்டு வந்த அவசரம். துறையை ஒரு சுற்றுச் சுற்றினார். காலி உருளைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். வலைக்குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, புதுச் சட்டைக்காரரிடமே கத்தினார்:

"ஏப்பா, இங்க ஒரு பார்சல் கெடந்துச்சாமே, பாத்தியா? எவன் எடுத்தான்? அங்க எனக்கு அடுப்பு எரியுது!"

அண்ணன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பார்சல் ஈரம் படாமத்தாம்மா இருக்கு," என்றார்.

போனில் மட்டுமே கேட்டிருந்த குரல். அக்கா ஸ்கூட்டரை அணைத்தார்.