கவருக்குள் வேர்த்த முறுக்கு

கடத்தூரில் என் அண்ணி சாமை முறுக்கு சுட்டு விற்கிறார். மெழுகுவத்தியில் கவர் வாயை ஒட்டி அவர் விரல் சுட்டுக்கொள்வதைப் பார்த்து, டிப்ளமோ படித்த நான் சீலிங் மெஷின் வாங்கித் தந்தேன். முதல் கல்யாண ஆர்டர் வந்தது. பொரித்த சூட்டோடு ஒட்டித் தள்ளினோம். ஆட்டோவில் ஏற்றும்போதுதான் கவருக்குள் நீர் கோத்திருப்பதைக் கவனித்தேன்.

“அண்ணி, எல்லாம் நமுத்துடும்ங்க.”

அவர் முகம் வாடியது. பிறகு, “பிரிச்சுக் கொட்டு கண்ணு. மெஷினு வேகமா ஒட்டுனா முறுக்கும் வேகமா ஆறிடுமா?” என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் கொட்டி ஆறவைத்து, மறுபடி ஒட்டி அனுப்பினோம். நல்லவேளை, மொறுமொறுப்பு போகவில்லை. அந்தக் கல்யாண வீட்டார் வளைகாப்புக்கும் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்: பொரிக்க, ஆறவைக்க, எடைபோட, ஒட்ட. முறுக்கு மின்விசிறியடியில் ஆறும் நேரத்தில் அண்ணி உட்கார்ந்து டீ குடிக்கிறார். முன்பெல்லாம் அவர் நின்றபடியேதான் குடிப்பார்.